ஜான்சிபாரிக்கு முதல் கோப்பை

ஓமானின் மலை ஊரான ஹத்பாவில், ஆண்கள் வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கூடும் பொதுக்கூடமான சப்லாவில், காவா என்னும் ஏலக்காய்க் காப்பி முதலில் யாருக்குப் போகும் என்பதில் ஒருபோதும் குழப்பம் வந்ததில்லை. ஊர்த் தலைவர் கல்ஃபான் நடுவில் உட்கார்ந்திருப்பார். இரண்டு பக்கமும் வயதுப்படி ஆட்கள். பேரீச்சம்பழத் தட்டு ஒரு சுற்று வந்ததும் கல்ஃபானின் இளைய மகன் ஹிலால், இடது கையில் கூஜாவும் வலது கையில் கோப்பையுமாக எழுந்து வருவான். அப்பாவைத் தாண்டி, தாடி நரைத்த கிழவர்களையெல்லாம் தாண்டி, பம்பு மெக்கானிக் நஸ்ஸோரின் முன்னால் போய்த்தான் நிற்பான். ஏனென்றால் நஸ்ஸோர் விருந்தாளி.

விருந்தாளி என்றால் நேற்று வந்து இறங்கியவர் என்று நினைத்துவிட வேண்டாம். முப்பது வருஷத்துக்கு மேலாக இந்த ஊரில் குடியிருப்பவர். கல்ஃபானின் கூடப்பிறந்த தங்கை ஸுவைனாவைக் கட்டியவர். இரண்டு ஆணும் ஒரு பெண்ணுமாக மூன்று பிள்ளைகளை இந்த ஊர் வாய்க்கால் தண்ணீரில் குளிப்பாட்டி ஆளாக்கியவர். சப்லாவில் இருமினால் அவர் வீட்டு முற்றத்தில் கேட்கும். ஆனாலும் அவர் கோப்பையை இலேசாக ஆட்டி, போதும் என்று காட்டியதும், கல்ஃபான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பாலைவனம் கடந்து ஒட்டகத்தில் வந்தவரிடம் கேட்பதுபோலக் கேட்பார்.

"செய்தி என்ன?"

"செய்தி ஒண்ணுமில்ல. எல்லாரும் நலம்."

இதுதான் முறை. விருந்தாளியிடம் செய்தி கேட்காமல் விடுவது அவமரியாதை. பத்து வீடு தள்ளி இருப்பவரிடம் கல்ஃபானுக்குத் தெரியாத என்ன செய்தி இருந்துவிடப் போகிறது என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. வாரா வாரம் அதே கேள்வி, அதே பதில்.

வேறொருவர் என்றால் இந்த மரியாதைக்குத் தலைகால் புரியாமல் ஆடுவார். நஸ்ஸோருக்கு அது நெஞ்சில் முள். சுடச்சுட வந்த ஒவ்வொரு முதல் கோப்பையும், நீ எங்கள் ஆள் இல்லை என்று சொல்லிக்கொண்டே தொண்டையில் இறங்கியது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, தன்னை விட்டுவிட்டு அடுத்தவருக்குப் போகாதா என்று ஏங்குவார். இதை வெளியே சொன்னால் சிரிப்பார்கள் என்பதால் ஸுவைனாவிடம் மட்டும் சொல்லியிருந்தார். அவளும் சிரித்தாள்.

அவர் பிறந்தது ஜான்சிபாரில். ஓமானில் மழை பொய்த்த ஏதோ ஒரு காலத்தில், கிராம்புத் தோட்டத்தில் பிழைக்கலாம் என்று கப்பலேறிப் போனவர் அவருடைய முப்பாட்டன். எந்த ஊரிலிருந்து போனார் என்று கேட்டால், மலைக்கு உள்ளே எங்கேயோ என்பதற்கு மேல் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. ஜான்சிபாரில் வெட்டுக்குத்து நடந்தபோது சின்னப் பையனாக அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மொம்பாசாவுக்குத் தப்பினார். அங்கே ஒரு டீசல் பட்டறையில் எண்ணெய் துடைத்துத் தொழில் படித்தார். எழுபதுகளில், வெளியே போனவர்கள் திரும்பி வரலாம் என்று ஓமான் கூப்பிட்டபோது வந்தவர்களில் ஒருவர். அவர் பேசும் அரபியில் இன்றைக்கும் சுவாஹிலி எட்டிப் பார்க்கும். மீனைத் தேங்காய்ப்பால் ஊற்றித்தான் சாப்பிடுவார். ஊர் அவரை நாஸிர் என்று திருத்திப் பார்த்தது. அவர் நஸ்ஸோர்தான் என்று நின்றார். கடைசியில் இரண்டும் வேண்டாம் என்று ஜான்சிபாரி ஆக்கிவிட்டார்கள்.

ஹத்பாவுக்கு வந்தது ஊரின் முதல் டீசல் பம்பைப் பூட்ட. பம்பு ஓடியது, ஆள் திரும்பவில்லை. ஸுவைனாவைப் பெண் கேட்டபோது அவளுடைய அப்பா ஒரு நாள் முழுக்க யோசித்தாராம்.

"விருந்தாளி வாயைத் திறந்து கேட்டுட்டான். இல்லேன்னு எப்படிச் சொல்றது?" என்று கொடுத்தாராம்.

ஸுவைனா அதை இன்றைக்கும் விடுவதில்லை. "எங்கப்பா உங்களப் பார்த்துக் கொடுக்கல. மரியாதைக்குக் கொடுத்தார்," என்பாள்.

இந்த ஊருக்கு என்று ஒரு நோய் உண்டு. ஒழுக்கு என்பார்கள். பிள்ளைக்கு மூக்கில் ரத்தம் வந்தால் நிற்காது. பால்பல் விழுந்தால் தலையணை நனையும். கல்ஃபானின் மூத்த மகன் ஸஊதுக்கு அது இருந்தது. ரத்தம் ஏற்ற அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியே கல்ஃபானுக்கு முடி நரைத்தது. முன்பெல்லாம் ஒரு பெண் பத்துப் பெறுவாள், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் பாதியை வாரிக்கொண்டு போகும், அதில் ஒழுக்கில் போனது எது என்று யார் பிரித்துப் பார்த்தார்கள். தடுப்பூசியும் ஆஸ்பத்திரியும் வந்து பிள்ளைகள் தங்க ஆரம்பித்த பிறகுதான், சில வீடுகளில் மட்டும் இது விடாமல் தலைகாட்டுவது கண்ணில் பட்டது. ஸுவைனாவின் அம்மா பெற்றது பதினொன்று. ஸுவைனா மூன்றோடு நிறுத்திக்கொண்டாள். பிள்ளைகள் குறையக் குறைய ஒவ்வொன்றின் மூக்கையும் ஊர் உற்றுப் பார்த்தது.

மஸ்கட்டிலிருந்து டாக்டர் ஆஸியா தன் ஆய்வுக்குழுவோடு வந்தது இதற்காகத்தான். கெட்டிக்காரப் பெண். மனிதர்களிடம் பேசத் தெரிந்தவள். குறையுள்ள மரபணு ஒன்றே ஒன்று இருந்தால் ஒன்றும் செய்யாது, அப்பாவிடமிருந்து ஒன்றும் அம்மாவிடமிருந்து ஒன்றும் வந்து சேர்ந்தால்தான் ஒழுக்கு என்று சப்லாவில் உட்கார்ந்து எல்லோருக்கும் புரியவைத்தாள். வீடு வீடாக ரத்தம் எடுத்தாள். பிறகு கேட்டாள்.

"ஒப்பிட்டுப் பார்க்க, இந்த ஊரோட ரத்த சம்பந்தமே இல்லாத ஆள் ஒருத்தர் வேணும். யாராவது இருக்காங்களா?"

சப்லாவில் இருந்த அத்தனை விரல்களும் ஒரே பக்கம் நீண்டன.

நஸ்ஸோர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தார். அதற்கப்புறம் தன் பம்பு ரிப்பேர்க் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "ஊர்லயே சுத்த ரத்தம் என்னோடதுதான், டாக்டரே தேடி வந்து எடுத்துட்டுப் போனாங்க," என்று பெருமையடித்தார். பெருமைக்கு அடியில் முள் இன்னும் கொஞ்சம் ஆழமாக இறங்கியிருந்தது.

அந்தச் சுத்த ரத்தத்தால் ஒரு நல்லது நடந்தது. கல்ஃபான் தன் இளைய மகன் ஹிலாலுக்கு, நஸ்ஸோரின் மகள் ரயாவைக் கேட்டு வந்தார். ரயா பக்கத்து ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். மாமன் மகன் மேல் அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு கண். ஹிலாலுக்கு நோய் இல்லை, குறையுள்ள மரபணு ஒன்று மட்டும் உண்டு என்று சோதனையில் தெரிந்திருந்தது. ஸுவைனாவிடம் அதுகூட இல்லை.

"தங்கச்சிகிட்ட இல்ல. நீயோ வெளியாள். ரயாவுக்குச் சோதனையே தேவையில்ல," என்றார் கல்ஃபான். "ஒழுக்கு இல்லாத பேரனைத் தூக்கணும் மச்சான். அதுக்கு உன் வீட்டை விட்டா வேற எந்த வீட்டுக்குப் போவேன்?"

பேரீச்சை அறுவடை முடிந்ததும் கல்யாணம் என்று முடிவானது.

அறுவடைக்கு இன்னும் நாள் இருக்கும்போதே ஒரு காலையில் டாக்டர் ஆஸியா கடைக்கு வந்தாள். கவிழ்த்துப் போட்டிருந்த டீசல் டிரம்மின் மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள். சாவகாசத்தைப் பார்த்தே நஸ்ஸோருக்குத் திக்கென்றது.

"மாமா, உங்ககிட்ட மட்டும் ஒரு விஷயம் சொல்லணும். இதை வெளியில சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம்."

"பயமுறுத்தாதீங்கம்மா. சர்க்கரையா?"

"சர்க்கரை இல்ல. ஒழுக்கு. அந்தக் குறை உங்ககிட்ட ஒண்ணு இருக்கு."

"பாட்டில் மாறிப் போயிருக்கும்."

"நானும் அப்படித்தான் நெனச்சேன். போன மாசம் ரெண்டாவது தடவை ரத்தம் எடுத்தேனே, எதுக்குன்னு நெனச்சீங்க?"

"எனக்கு மூக்குல ஒரு சொட்டு வந்தது கிடையாதே."

"வராது. கல்ஃபான் மாமாவுக்கும் வராது. ரெண்டு பேருக்கும் ஒண்ணொண்ணுதான் இருக்கு."

நஸ்ஸோர் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தார். "அப்போ கடலுக்கு அந்தப் பக்கமும் இந்த நோய் இருக்கா?"

"அதைத்தான் நானும் துருவிப் பார்த்தேன். குறை மட்டும் ஒண்ணா இருந்தா தற்செயல்னு விட்டுருவேன். அந்தக் குறைக்கு முன்னாடி, பின்னாடி, நீளமா எல்லாமே இந்த ஊர்க்காரங்களோடது மாதிரியே இருக்கு. ஒரு எழுத்துகூட மாறல."

பட்டறை மேசையில் ஒரு பழைய பம்பின் கூடு கிடந்தது. நஸ்ஸோர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு பம்புல ஒரே போல்ட்டுக்குக் கீழ ஒரே விரிசல்," என்றார் மெதுவாக. "பக்கத்துல இருக்கிற பொத்தல், மேடு எல்லாம்கூட ஒரே இடத்துல. அப்படின்னா ரெண்டும் ஒரே அச்சுல வார்த்தது."

"அதேதான் மாமா. உங்க முப்பாட்டன் இந்த ஊர்லேருந்து போனவரா இருக்கணும். எந்த வீடுன்னு என்னால சொல்ல முடியாது. இந்த ஊர்தான்."

நஸ்ஸோருக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் கட்டியது. டாக்டருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்தார். அதில் இரண்டு தடவை சர்க்கரை போட்டதை அவள் சொல்லாமல் குடித்தாள். நிலத்தைக் கீறிப் பார்த்தாலும் கிடைக்காத பதில், தன் நரம்புக்குள்ளேயே இத்தனை காலம் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. அந்த நிமிஷம் அவரைப்போலச் சந்தோஷமான மனிதர் மலைக்கு உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை.

டாக்டரின் வண்டி கிளப்பிய புழுதி அடங்கும்போதுதான் ரயாவின் ஞாபகம் வந்தது. தன்னிடம் இருந்தால் மகளிடமும் இருக்கலாம், பாதிக்குப் பாதி. ஹிலாலிடமோ இருக்கிறது. எந்த வார்த்தையைச் சொன்னால் தான் இந்த ஊர்க்காரன் ஆவாரோ, அதே வார்த்தை மகளின் கல்யாணத்தைக் கலைத்துவிடும். சொல்லாமல் மென்று விழுங்கினால் யாருக்கும் தெரியாது, டாக்டர் வாயைத் திறக்கமாட்டாள். அன்றைக்கு மதியம்வரை அவர் கழற்றிய பம்பு எதையும் திருப்பி மாட்டவில்லை.

ஸுவைனா முற்றத்தில் எலுமிச்சையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நஸ்ஸோர் சொன்னதைக் கேட்டு முடித்ததும் முதலில் சிரித்தாள்.

"அப்போ எங்கப்பா ஏமாந்துட்டார். விருந்தாளின்னு நெனச்சுச் சொந்தக்காரனுக்குக் கொடுத்திருக்கார்." பிறகு கை நின்றது. "ரயா."

"அதான்."

"சொல்லாதீங்கன்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்கண்ணன்கிட்ட போறதுக்கு முன்னாடி அவகிட்ட சொல்லுங்க. கட்டிக்கப் போறது அவ."

ரயா பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, முகம் கழுவி, அப்பா சொன்னதை முழுதாகக் கேட்டாள். கணக்கு டீச்சர் அல்லவா, பாதி, கால் எல்லாம் அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

"சப்லாவில சொல்லிருங்க பாபா. நாம மறைச்சா, நாளைக்கு என் பிள்ளையோட மூக்கு சொல்லிரும்."

வெள்ளிக்கிழமை வந்தது. பேரீச்சம்பழம் சுற்றியது. ஹிலால், வருங்கால மாமனாருக்கு மற்றவர்களுக்கு ஊற்றுவதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் குனிந்து முதல் கோப்பையைக் கொடுத்தான். நஸ்ஸோர் குடித்தார். கல்ஃபான் கனைத்தார்.

"செய்தி என்ன?"

"செய்தி இருக்கு," என்றார் நஸ்ஸோர்.

தலைகள் நிமிர்ந்தன. இந்தக் கேள்விக்கு இப்படி ஒரு பதிலை அந்தக் கூடம் அதுவரை கேட்டதில்லை. நஸ்ஸோர் எல்லாவற்றையும் சொன்னார். ஒரே அச்சு, ஒரே விரிசல் என்று பம்பை வைத்தே சொன்னதால் தூங்கி வழிந்தவர்களுக்கும் புரிந்தது.

"என் மகளுக்கு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். கல்யாணத்துக்கு முன்னாடி அவ ரத்தத்தைப் பார்க்கணும். மறைச்சு வச்சுப் பொண்ணு கொடுக்க எனக்கு மனசு வரல," என்று முடித்தார்.

தேன் வியாபாரி முஹன்னாவால் மட்டும் வாயை அடக்க முடியவில்லை. அவருக்கு எப்போதுமே முடியாது.

"அப்போ இத்தன வருஷம் விருந்தாளின்னு சொல்லி முதல் காவாவைக் குடிச்சதெல்லாம் ஏமாத்து வேலையா ஓய்?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். கல்ஃபான் சிரிக்கவில்லை.

"உன் மக வெளி ரத்தம்னு நம்பித்தான் பொண்ணு கேட்டேன்."

"தெரியும் மச்சான்."

"ஸஊது பட்ட பாட்டை ஒரு பேரன்கிட்டயும் என்னால பார்க்க முடியாது."

"என்னாலயும்தான்."

கல்ஃபான் எழுந்து வெளியே போய்விட்டார். தலைவர் தன் கோப்பையைத் தொடாமல் எழுந்து போனதை ஊர் பார்த்ததில்லை. ஹிலால் கூஜாவைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தான். அவனை உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நஸ்ஸோர் சப்லா பக்கம் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினார், அது பொய்யும் இல்லை. சோறு இறங்கவில்லை. மகன்கள் இருவரும் வெளியூர்ப் பெண்களைக் கட்டியவர்கள், அவர்களுக்குச் சோதனைக்கு அவசரம் ஒன்றுமில்லை. ரயாவின் முகத்தைத்தான் பார்க்க முடியவில்லை. அவளோ டாக்டரிடம் ரத்தம் கொடுத்துவிட்டு வந்து, வழக்கம்போல விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள்.

ஒரு சாயங்காலம் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வந்தாள்.

"இருக்கு பாபா."

நஸ்ஸோர் எழுந்து அவள் கைப்பையை வாங்கி வைத்தார்.

"உங்க முப்பாட்டன் எனக்கும் ஏதோ விட்டுட்டுப் போயிருக்கார்," என்று சிரிக்கப் பார்த்தாள். பாதியில் குரல் உடைந்தது. அம்மா மடியில் முகத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள்.

"என்னாலதானே," என்றார் நஸ்ஸோர்.

"நீங்க சொல்லாட்டாலும் இருந்திருக்கும்," என்றாள் மடியிலிருந்தே. "தெரியாம இருந்திருக்கும், அவ்வளவுதான்."

அடுத்த நாள் ஹிலால் வந்தான். ஸுவைனாவைத் துணைக்கு வைத்துக்கொண்டு அவனும் ரயாவும் மஸ்கட் போய் டாக்டர் ஆஸியாவிடம் உட்கார்ந்தார்கள். அவள் எதையும் பூசி மெழுகவில்லை. நான்கில் ஒரு வாய்ப்பு ஒவ்வொரு பிள்ளைக்கும் உண்டு. கருவை வெளியே உருவாக்கி, சோதித்து, நோய் இல்லாததை மட்டும் வயிற்றில் வைக்கும் வழியும் உண்டு. ஊசி உண்டு, அலைச்சல் உண்டு, ஒரு தடவையில் தங்காமலும் போகலாம். திரும்பி வரும் வழியில், வாதி என்னும் காய்ந்த ஆற்றைக் கடக்கும்போது ஹிலால் வண்டியை நிறுத்தி, "நீ என்ன சொல்ற?" என்று கேட்டதாகவும், ரயா, "அலையலாம், ஆனா உன்னோடதான்," என்றதாகவும் ஸுவைனா பின்னால் சொன்னாள். தான் தூங்குவதுபோல நடித்ததையும் சேர்த்துச் சொன்னாள்.

மறுநாள் கல்ஃபானின் பிக்கப் கடை முன்னால் வந்து நின்றது. பின்னால் ஒரு பம்பு. கல்ஃபான் அதை இறக்கி வைத்துவிட்டு டிரம்மின் மேல் உட்கார்ந்தார். நஸ்ஸோர் பம்பைப் பிரித்தார், உள்ளே பார்த்தார், துடைத்தார்.

"இதுக்கு ஒண்ணுமில்லையே மச்சான்."

"தெரியும்."

நஸ்ஸோர் சும்மா இருக்கக் கூடாதென்று ஒரு வாஷரை மாற்றினார்.

"புள்ளைங்க போய்ப் பேசி முடிவு பண்ணிட்டு வந்துட்டாங்க. நம்மளக் கேக்கல," என்றார் கல்ஃபான்.

"கேக்கல."

"நாம பெரியவங்களக் கேட்டுத்தான் கட்டினோம். என்னத்தக் கிழிச்சோம்." டிரம்மை விரலால் தட்டினார். "ஒண்ணு சொல்லு. நீ வாயை மூடிட்டு இருந்தா ஒரு ஈ காக்காவுக்குத் தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்ன?"

"நீதானே செய்தி கேட்ட."

கல்ஃபான் அவரைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடியும் சிரித்தார்.

"எந்த வீட்டுலேருந்து போனவனா இருப்பான் உன் முப்பாட்டன்?"

"யாருக்குத் தெரியும்."

"எங்க வீடா இருக்காது. எங்க வீட்டு ஆளுங்களுக்கு மூக்கு நீளம். உன் மூக்கைப் பார்த்தா முஹன்னா வீடுதான்."

"அதுக்கு நான் ஜான்சிபாரியாவே இருந்துக்கிறேன்."

"வெள்ளிக்கிழமை வா," என்றார் கல்ஃபான் எழுந்துகொண்டே. "உடம்பு சரியில்லன்னு புளுகாம."

வெள்ளிக்கிழமை நஸ்ஸோர் போனார். தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்தார். பேரீச்சம்பழம் சுற்றி முடிந்தது. ஹிலால் கூஜாவோடு எழுந்தான். நஸ்ஸோரின் வலது கை தானாகவே முன்னால் நீண்டது, அத்தனை வருஷப் பழக்கம். ஹிலால் அவரைத் தாண்டிப் போனான்.

நேராகக் கல்ஃபானிடம் போய் ஊற்றினான். அடுத்து மூத்த கிழவருக்கு. அடுத்து அவருக்குப் பக்கத்தில் இருந்தவருக்கு. நஸ்ஸோர் நீட்டிய கையை மெதுவாக இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். யாரும் அவரைப் பார்க்கவில்லை. எல்லோரும் பார்க்காமல் இருப்பதிலேயே மும்முரமாக இருந்தார்கள். கோப்பை ஒவ்வொருவராகச் சுற்றி, தேன் வியாபாரி முஹன்னாவையும் தாண்டி, அவர் வயதுக்கு உரிய இடத்தில் அவரிடம் வந்தது. அதற்குள் காவா ஆறியிருந்தது, அடியில் மண்டியும் இருந்தது. நஸ்ஸோர் சொட்டு விடாமல் குடித்தார். கண் எரிந்தது, ஏலக்காய் ஏறிவிட்டதுபோலத் தும்மிச் சமாளித்தார்.

அவரிடம் யாரும் செய்தி கேட்கவில்லை. அறுவடைக்கு ஆள் பற்றாத கதையைப் பேசினார்கள். கல்யாணத்துக்கு எத்தனை ஆடு என்று பேசினார்கள். நஸ்ஸோர் நடுவில் ஏதோ சொல்ல வாயெடுத்தபோது, "நீ சும்மா இரு, நாங்க பேசி முடிக்கிறோம்," என்று கல்ஃபான் அதட்டினார்.

வீட்டுக்கு வந்தபோது ஸுவைனா வாசலிலேயே நின்றிருந்தாள்.

"என்ன ஆச்சு? அண்ணன் ஏதாவது சொன்னாரா?"

"சும்மா இருன்னு அதட்டினான்."

"காவா?"

"ஆறிப் போனதுதான் கிடைச்சுது," என்றார் நஸ்ஸோர். சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

ஸுவைனா அவரை ஒரு நிமிஷம் பார்த்தாள். இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. உள்ளே போய் அடுப்பில் கூஜாவை வைத்தாள். காவா கொதித்ததும் தனக்கு ஊற்றிக்கொண்டு, ரயாவுக்கு ஊற்றிவிட்டு, கடைசியாக அவருக்கு ஊற்றினாள்.